பொத்தான் மறந்தவள்

முந்தின நாள் செங்கல் சுமந்த வலி தோள்பட்டையில் அப்படியே இருந்தது. அதை மறக்காத உடம்பு பொத்தான் போடுவதை மறந்திருந்தது. சித்தாளின் விரல்கள் வேலைச் சட்டையின் பொத்தானைப் பிடித்தன, துளையையும் பிடித்தன, அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. முந்தின நாள்தான் ஐந்து வயது மகள் பள்ளிக்கூடத்தில் தானே பொத்தான் போடக் கற்றிருந்தாள். பிள்ளை கற்றது தாய்க்கு மறப்பது அந்தத் தெருவில் புதிதல்ல. செருப்பு வார் மாட்ட மறந்த மளிகைக்காரர் மனைவி வருஷக்கணக்காக வெறுங்காலோடு நடக்கிறாள். யாரும் ஏனென்று கேட்பதில்லை.

சித்தாளுக்குத்தான் வயிறு எரிந்தது. சட்டையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். "கலவை போடவாவது தெரியுமா, இல்ல அதையும் பொண்ணுக்குக் குடுத்துட்டியா?" என்றார் கொத்தனார். மதியம் அவள் வகுப்பு ஜன்னலில் போய் நின்றாள். பிள்ளைகள் தாங்களே தண்ணீர் ஊற்றின, சிந்தின, துணி எடுத்துத் துடைத்தன. சிந்தாமல் ஊற்றிய மகள் டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். அப்படியொரு சிரிப்பு வீட்டுக்கு வந்ததே இல்லை.

"எம் புள்ளைய என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலம்மா. கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"அதுக்கா சம்பளம்?"

"அதுக்குத்தாம்மா. சும்மா இருக்கறது லேசுல்ல."

மறுநாள் விடியுமுன் சித்தாள் மகளின் சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து எறிந்தாள். "தச்சுக் குடும்மா" என்று வந்து நிற்பாள் என்று காத்திருந்தாள். மகள் திறந்த சட்டையோடு பள்ளிக்கூடம் போய், சாயங்காலம் தானே தைத்த கோணல் பொத்தான்களோடு திரும்பினாள். அன்றோடு தாய்க்கு ஊசியில் நூல் கோக்கவும் மறந்தது.

மிஞ்சியது தலைப்பின்னல். அதை மட்டும் யாருக்கும் விடாமல், மகள் கண்ணில் நீர் முட்டும்படி இறுக்கிப் பின்னிவந்தாள். மூன்று வருஷம் தாங்கியது. பிறகு ஒருநாள் மகள் தானே பின்னிக்கொண்டு வந்தாள். தாயின் தலை விரிந்து கிடந்தது. "திரும்பி உக்காரும்மா. ஆடாத" என்றாள் மகள், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு. அன்று முதல் தாய்க்குத் தினமும் அவள்தான் பின்னுகிறாள், பொத்தானும் போட்டுவிடுகிறாள். வலிக்காமல் பின்னுகிறாள்.

பள்ளி வாசலில் டீச்சர், "பின்னல் அழகாயிருக்கே, யாரு?" என்று கேட்டாள். "எம் பொண்ணு" என்றாள் சித்தாள். இன்னொரு சொல்லும் சொல்லியிருக்க வேண்டும். அதை மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதமே கற்றுவிட்டதால் தாயின் வாய்க்கு வரவில்லை. வராததில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிதான். டீச்சருக்கு அந்த ஒரு நன்றி இன்றுவரை பாக்கி.