பூஜைக்கு நிறுத்திய கணினி

அப்புசாமியின் கோழிப்பண்ணைக்குள் கால் வைக்க இடமில்லை. மூடிய ஷெட்டின் புழுக்கத்தில் அத்தனை கோழிகளும் செத்துக் கிடந்தன. சுவர் அளவு பெரிய ஃபேன்கள் அசையாமல் நின்றன. அவற்றை ஓட்டும் கணினியின் முன்னால், அதை அமைத்துக் கொடுத்த சௌமியா உட்கார்ந்திருந்தாள். அதன் தலையில் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

ஆயுத பூஜை நாள். பரமத்தி வேலூர்ப் பக்கம், ஓடுகிற மெஷினுக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள். நிறுத்தி, துடைத்து, கும்பிட்ட பிறகுதான் ஓடவிடுவார்கள். காலையில் அப்புசாமியும் கணினியை நிறுத்திக் கும்பிட்டு, மறுபடி போட்டுவிட்டு மனைவியோடு கோயிலுக்குப் போனார். திரும்பி வந்தால் இந்தக் கோலம்.

"நீதான நிறுத்தோணும்னு ஒத்தக் கால்ல நின்ன!" என்று மனைவி வசந்தாமணியை ஏசினார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அக்கா மேல தப்பில்லீங்க, என் மேலதானுங்க" என்றாள் சௌமியா. அவர் காதில் வாங்கவே இல்லை.

ஆனால் உண்மை அதுதான். கணினி எழுந்ததும் தானாக ஓடுகிற ஸ்கிரிப்டை, அந்தக் குட்டி நிரலை, எழுதியவள் அவள். யார் வேண்டுமானாலும் எதையும் போடக்கூடிய பொது ஃபோல்டரில், 'ஃபேன்' என்ற பெயரில் அது ஒரு தற்காலிக ஃபைலை எழுதும், வேலை முடிந்ததும் அழிக்கும். அதே பெயரில் அங்கே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காது. யார் வந்து வைக்கப்போகிறார்கள் என்ற மெத்தனம்! படித்த படிப்பெல்லாம் அன்றைக்கு எங்கே போயிருந்ததோ.

வைத்தவன் பண்ணைகளைச் சுற்றிவரும் சூப்பர்வைசர் கௌசிக். எந்தச் சூட்டில் ஃபேன் ஓட வேண்டும், எப்போது அபாய மணி அடிக்க வேண்டும் என்ற குறிப்புகள் உள்ள ஃபைலைச் சட்டென்று திறக்க, அந்த ஃபோல்டரில் குறுக்குவழியாக ஒரு இணைப்புப் போட்டிருந்தான். அதற்கும் 'ஃபேன்' என்றே பெயர். அதற்குப் பிறகு கணினி நின்று எழுந்தது இன்றுதான். எழுந்ததும் ஸ்கிரிப்ட் தன் ஃபைலை எழுதுவதாக அந்த இணைப்பின் வழியே போய்க் குறிப்புகளையெல்லாம் துடைத்துவிட்டது. ஃபேனும் ஓடவில்லை, மணியும் அடிக்கவில்லை.

கௌசிக்கின் முகம் வெளுத்திருந்தது. "அக்கா, வெண்ணந்தூர்ல உங்கப்பா பண்ணையிலயும் இதே மாதிரி போட்டு வெச்சிருக்கேனுங்க."

அங்கேயும் ஓடுவது அவள் எழுதிய அதே ஸ்கிரிப்ட்தான். அவள் அப்பாவை அழைத்தாள். ஃபோன் அணைந்திருந்தது. பூஜையில் ஃபோனையும் அணைத்துச் சாமி முன்னால் வைப்பது அவர் வழக்கம். அம்மா போன பிறகு அந்த வீட்டில் வேறு ஆளும் இல்லை. காலையில் அவளேதான் சொன்னாள்: "ஒயரப் புடுங்காதீங்கப்பா, முறையா நிறுத்திப் போடுங்க."

கௌசிக்கின் பைக்கில் கிளம்பினார்கள். வழி முழுக்க அழைத்துப் பார்த்தாள். ராசிபுரம் தாண்டும்போது அப்பாவே கூப்பிட்டார்.

"சாப்ட்டுக் கண்ணசந்துட்டேன் சாமி. இப்பத்தான் போனப் போட்டேன். நீ சொன்னாப்புடியே மெஷின நிறுத்திக் கும்புட்டு, காலையிலேயே ஓட உட்டுட்டேன். ஷெட்டுப் பக்கம் ஒரு சத்தமில்ல பாரு. கோழிகூட இன்னைக்கு அடங்கிக் கெடக்குது."

"அப்பா" என்றாள் சௌமியா.

"ஊட்டுக்கு வா சாமி. உனக்குப் பொரி எடுத்து வெச்சிருக்கேன்."