சைக்கிள் சத்தம்

மனைவி ராயம்மாள் செத்துப்போன பிறகு, சொந்த ஊரான இண்டூரில் தன் வீட்டுக்குள் கால் வைக்கவே மரியசூசைக்குப் பிடிக்கவில்லை. பெங்களூரில் நர்ஸாக இருந்த மகள் இசபெல்லா, அங்கே திக்கற்ற நாய்களை வைத்துப் பராமரிக்கும் காப்பகத்துக்கு அவரைக் கூட்டிப்போனாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு கிழட்டுச் செவலையை அவர் கேட்டார்.

“அது ஆம்பளைங்க கிட்ட ரொம்ப அடிபட்டது. குட்டியா ஒண்ணு எடுத்துக்குங்க” என்றாள் காப்பகத்துக்காரி.

“குட்டியை வளத்து ஆளாக்க எனக்கு ஆயுசு பத்தாதுங்க.”

இண்டூர் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. கறிச்சோறே வைத்தாலும் அவர் தூங்கும்வரை தொடாது. பேசிப் பார்த்தார். பக்கத்தில் தரையில் படுத்துப் பார்த்தார். மாதங்கள் போயும், கை நீட்டினால் பயத்தில் மூத்திரம் விட்டது. துடைத்துவிட்டு, தனக்குத்தான் பழகத் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பக்கத்து வீட்டு ராமக்காள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “நீங்க மில்லுக்குப் போனதும் அது வாசலுக்கு வந்துருதுண்ணா. எங்கிட்ட வாலாட்டுது. உங்க சைக்கிள் சத்தம் கேட்டாத்தான் உள்ள ஓடிருது.”

மறுநாள் மில் விட்டதும் தெருமுனையிலேயே இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வாசல் வெயிலில் நான்கு காலையும் விரித்து மல்லாந்து கிடந்தது செவலை. கொஞ்ச நேரம் பார்த்தார். வந்த வழியே திரும்பி, டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

“பொழுது சாயுது, வூட்டுக்குப் போகலைங்களா?” என்றார் டீக்கடைக்காரர்.

“செத்த நேரம் ஆவட்டும்ங்க. இப்பத்தான் அது நிம்மதியாப் படுத்திருக்குது.”