வீட்டுக்குப் புதுப் பூட்டு

பிணவறையில் போர்வையை நெஞ்சுவரை விலக்கிக் காட்டினார்கள். அது அவர்கள் மகள் பட்டாணி இல்லை. அதே வயது, அதே இரட்டைப் பின்னல். வேறு யாரோ பெற்ற பிள்ளை.

"இல்லைங்க," என்றார் பூட்டுக்காரர். கடையில் ஒரு சாவி பொருந்தாதபோது சொல்வாரே, அதே குரலில். பக்கத்தில் நின்ற மனைவிக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. பள்ளிக்கூடம் போன மகள் வீடு திரும்பாத நாளிலிருந்து இருவருக்கும் எல்லாமே யாருக்கோ நடப்பதுபோலத்தான் இருந்தது.

பெண் இன்ஸ்பெக்டர் தன் வண்டியிலேயே அவர்களை வீட்டுக்கு அழைத்து வந்தார். "மனசைத் தளர விடாதீங்கண்ணே. அந்த வேன் சிக்காம போகாது."

பள்ளிக்கூட வாசலில் ஒரு வெள்ளை வேன் நின்றதாக யாரோ சொன்னதிலிருந்து போலீஸ் அதன் பின்னால்தான் அலைந்தது. "வீட்டுல ஏதும் சண்டை சச்சரவு?" என்று முதல் நாளே கேட்டார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்றார் பூட்டுக்காரர். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்புக்குப் போகாமல் ஊர் சுற்றியதற்காக, மகள் காணாமல்போனதற்கு முந்தின ராத்திரி, "இனிமே இந்த வாசப்படியை மிதிச்சே, காலை உடைச்சிருவேன்" என்று அவர் கத்தியிருந்தார். எந்தத் தகப்பன் வாயிலும் வருகிற வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னால், ஓடிப்போன பெண் என்று எழுதி மூலையில் போட்டுவிடுவார்களே என்று பயந்தார்.

அடுத்த கேள்வி: "பொண்ணு பையில வீட்டுச் சாவி இருக்கா? அப்ப மொதல்ல பூட்டை மாத்துங்க. தூக்கிட்டுப் போனவன் கையில அது இருக்கும்."

மாற்றினார். கடையில் இருந்ததிலேயே உறுதியான பூட்டு. பழைய பூட்டுக்குச் சாவியைச் சற்று மேலே தூக்கித்தான் திருப்பவேண்டும். சரிசெய்ய அவருக்கு நேரமே வாய்த்ததில்லை. "ஊர்ப் பூட்டெல்லாம் அப்பாவைக் கண்டா வாயைப் பொளக்கும், நம்ம வீட்டுது மட்டும் முறைக்கும்," என்று பட்டாணி அம்மாவிடம் கிண்டலடிப்பாள்.

தெருவில் ஆளரவம் இல்லை. மாடி வீட்டுக்காரர்கள்கூட பட்டாணியின் படத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போயிருந்தார்கள். பூட்டுக்காரர் சாவியை நுழைத்தார். பாதிக்குமேல் போகவில்லை. உள்ளே ஏதோ தடுத்தது. பையிலிருந்து மெல்லிய கம்பியை எடுத்து நெம்பினார். ஒடிந்த சாவியின் நுனி ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. பழைய பூட்டுக்கு அவர் கையால் வெட்டி மகளிடம் கொடுத்த சாவி.

"பாத்தீங்களா," என்றார் இன்ஸ்பெக்டர். "நல்ல வேளை மாத்தினோம். இல்லேன்னா உள்ளயே வந்திருப்பான்."

மனைவி அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க," என்றாள் மெதுவாக. "மேல தூக்கிப் பாத்திருக்காளா?"

துண்டு மேல்பக்கமாக வளைந்திருந்தது. அவர் தலையசைத்தார். வேறு யாருக்கும் அப்படித் தூக்கத் தோன்றாது.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணை மறைச்சிட்டேன்," என்றார் இன்ஸ்பெக்டரிடம். வாசப்படிப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல், பொருளுக்கு விலை சொல்வதுபோல் சொன்னார். "அதோட பூட்டையும் மாத்திட்டேன். என்னன்னு நினைச்சிருப்பா?"

"இதை அன்னிக்கே..." என்று ஆரம்பித்த இன்ஸ்பெக்டர் முடிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டே வண்டிக்கு ஓடினார். "பொண்ணு இந்தப் பக்கந்தான் எங்கயோ இருக்கா. வேனைத் தேடுறதை விடுங்க, தெருத்தெருவா பாருங்க."

பூட்டுக்காரர் கதவைத் திறந்தார். "நீ இங்கயே இரு," என்றார் மனைவியிடம். "நானும் போறேன்."

"கதவைச் சாத்தவா?"

அவர் திருப்புளியை எடுத்துக் கீல்களைக் கழற்றினார். கதவைத் தூக்கித் தெருச்சுவரில் சாய்த்துவிட்டு, வியர்வையைக்கூடத் துடைக்காமல் நடந்தார்.

மனைவி வாசலில் உட்கார்ந்தாள். வெயில் கூடத்தின் கடைசிவரை போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு தெருநாய் வந்து, தயங்கி அவள் முகத்தைப் பார்த்தது. அவள் காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டாள். அது உள்ளே போய் வாளித் தண்ணீரில் வாய்வைத்துக் குடிக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.