முப்பத்தொன்பதாவது ரெக்கார்டு

"அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ள நான் போக மாட்டேன்னு சொல்றேன், நீ பாட்டுக்கு..."

"அக்கா, ஒரு நிமிஷம் என்னைப் பேச விடு. டிரம்ஸ் சத்தம் உன் மைக்குல போய்..."

"முப்பத்தெட்டு ரெக்கார்டுல விழாத சத்தம் இன்னைக்குப் புதுசா விழுதா? நானும் மூக்கனும் பக்கத்துல பக்கத்துல நின்னுதானே..."

"அது அந்தக் காலம்!"

"நானும் அந்தக் காலம்தான். என்னையும் வெளியில அனுப்பிடு."

டிரம்ஸ் வாசிக்கும் மூக்கன் குச்சியால் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டார். "தம்பி, உங்கக்கா வாயைத் திறந்தா நமக்கு மூச்சு விடக்கூட இடம் கிடைக்காது. கூண்டுல போட்டுப் பூட்டு. நாம நிம்மதியா வாசிப்போம்."

அக்கா அவர் உதட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஒரு கணம் பிந்தித்தான் சிரித்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஓயாமல் பேசுவதற்கு அவளிடம் காரணம் இருந்தது. பேசிக்கொண்டே இருந்தால் கேட்க வேண்டியதில்லை. வலது காது நாலு வருடத்துக்கு முன்பே அடைத்துப் போனது. இடது காதில் மிச்சம் இருந்ததும் இந்த ஆறு மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டது. எதிரே நிற்பவர் வாயைப் பார்த்தால் பேச்சு பிடிபடும். ஆனால் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அவளுடைய டபுள் பேஸ் என்ற தந்தி வாத்தியம், இருபத்திரண்டு வயதிலிருந்து அவள் தோளில் சாய்ந்திருப்பது, அது அவளுக்கு இப்போது வெறும் அதிர்வு. டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அதற்கும் வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தரையில் மூக்கன் பக்கத்தில் நிற்பாள். அவர் மிதிக்கும் பெரிய டிரம் அவள் உள்ளங்காலில் வந்து தட்டும். சுருதி சேர்க்கும்போது பேஸின் கழுத்தில் தாடையை ஒட்டி வைத்துக்கொள்வாள். இரண்டு தந்தி ஒத்துப்போகாவிட்டால் எலும்பில் ஒரு துடிப்பு ஓடும். ஒத்ததும் அடங்கும். முதல் தந்தியை மட்டும் பியானோவிடம் கேட்டு வாங்க வேண்டும். அரட்டை அடிப்பவளைப் போலத் தம்பியின் பியானோமேல் முழங்கையை ஊன்றி, "ஒரு தட்டு தட்டுடா" என்பாள். அவன் தட்டுவான். முழங்கையிலும் தாடையிலும் அதைப் பிடித்துக்கொள்வாள். பெரிய வித்வான் கிறுக்கு என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கூண்டுக்குள் பியானோ இல்லை. தரையெல்லாம் விரல் கனத்துக்குக் கம்பளம்.

"வேணாம்னா விட்டுடலாம்," என்றான் தம்பி. "ஆனா காரணத்தைச் சொல்லு. முப்பத்தெட்டு ரெக்கார்டுல உன் பேரைப் பின் அட்டையில எறும்பு மாதிரி போட்டாங்க. இதுலதான் முன்னாடி போடறோம், உன் படத்தோட. நல்லா வரணும்னுதானே கேக்கறேன்?"

காரணத்தைச் சொல்வதற்குக் கூண்டே மேல். பேஸைத் தூக்கிக்கொண்டு கூண்டுக்குள் போனாள்.

ஒலிப்பதிவு செய்யும் அம்மாள் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள். "போதுமா சத்தம்?"

"இன்னும் கொஞ்சம்."

அம்மாள் சத்தத்தைக் கூட்டும் திருகியைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். "முழுசா வச்சாச்சே."

"அப்ப சரி, சரி. நான் பழைய ஆளு, இதெல்லாம் பழக்கமில்ல." காதோரம் ஏதோ பூச்சி ஊர்வது போல இருந்தது, அவ்வளவுதான்.

கதவு சாத்திக்கொண்டது. கம்பளம் காலைக் கவ்விக்கொண்டு ஒன்றும் சொல்ல மறுத்தது. தாடையை வைத்து நாலு தந்தியையும் ஒன்றோடொன்று சேர்த்தாள். துடிப்பு அடங்கியது. பியானோவிடம் கேட்க வழியில்லை. போன வாரம் சேர்த்ததுதானே, முதல் தந்தி எங்கே போய்விடப் போகிறது?

சிவப்பு விளக்கு எரிந்தது. தம்பியின் வாய் எண்ணியது: ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு ரெண்டு மூணு. அவனுடைய இடது தோளையும் மூக்கனின் குச்சியையும் விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்தாள். விரல்கள் தாமாக ஓடின. பயம் மெல்ல இறங்கிற்று. தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். தாடை எலும்பெல்லாம் இனித்தது. இப்படி வாசித்து எத்தனை வருஷம்!

கண்ணைத் திறந்தாள்.

மூக்கனின் குச்சிகள் மடியில் கிடந்தன. தம்பியின் கைகள் முழங்கால்மேல் இருந்தன. ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. எப்போது நிறுத்தினார்கள்? இப்போதா? ரொம்ப நேரமாகவா? அவள் விரல் மட்டும் இன்னும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றது.

தம்பி கதவைத் திறந்து உள்ளே வந்தான்.

"தந்தி இறங்கிடுச்சா?" அவன் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். "இந்தக் கூண்டுல காத்தே இல்லடா, சூட்டுக்கு இறங்காம என்ன செய்யும்? அதான் அப்பவே சொன்னேன். மரத்தரையில நிறுத்து, ஒரே தடவையில முடிச்சுத் தரேன்..."

அவன் குனிந்து நாலு தந்தியையும் ஒவ்வொன்றாகச் சுண்டினான். பிறகு நிமிர்ந்து நிதானமாக, அவள் பார்க்கும்படியாகச் சொன்னான். "ஒண்ணுக்கொண்ணு சுத்தமா சேர்ந்திருக்குக்கா. பியானோவோடதான் சேரல. நாலும் மொத்தமா இறங்கியிருக்கு. முதல் தட்டுலேர்ந்தே."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டது. "சரி, இன்னொரு தடவை..."

தம்பி அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனான். தந்தியை இறுக்கும் முறுக்காணியைப் பார்க்கப் போகிறான் என்றுதான் நினைத்தாள். மேலே ஆணி எதுவும் அசையவில்லை. சிவப்பு விளக்கு அணையவில்லை, மைக் திறந்தே இருந்தது; உள்ளே பேசினால் வெளியே கேட்கும். அவள் பிடரியில் அவன் மூச்சு சூடாகப் பட்டது. ஒருமுறை. கொஞ்சம் விட்டு, இன்னொரு முறை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூக்கன் எழுந்து நின்றார். மடியிலிருந்து குச்சிகள் உருண்டு விழுந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை. ஒலிப்பதிவு அம்மாளின் கை மெதுவாக வாயை மூடிக்கொண்டது. இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். பதிலுக்குக் காத்திருப்பவர்களைப் போல.

அவள் பேஸின் கழுத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பத் தைரியம் வரவில்லை.

"என்னடா... ஏதாவது சொன்னியா?"