விம்மல் வராத சத்தம்

முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். பாலக்கரையில் அடைக்கலராஜ் சார் என்றால் தெரியாதவர்கள் குறைவு. அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

பொங்கல் கழிந்ததிலிருந்து வீட்டில் ஒரு சன்னமான ரீங்காரம். அடுத்த வீட்டு ஷரபுன்னிசா மூன்று எம்ப்ராய்டரி மெஷின் வைத்து, ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்து பிழைப்பவள். வேறு எங்கிருந்து வரும்? நான் சொன்னதும் மெஷின்களுக்கு எண்ணெய் விட்டாள், அடியில் ரப்பர் வைத்தாள். ரீங்காரம் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மெஷினே ஓடுவதில்லை என்றாள். அன்றைக்கும் கேட்கிறதே, பொய் சொல்கிறாயா என்று தெருவில் வைத்துக் கேட்டேன். இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரன் பிரிட்டோ, என் பழைய மாணவன். சாரே சொல்லிவிட்டார் என்று அவளைக் காலி செய்யச் சொல்லிவிட்டான்.

காலி செய்யும் அன்று காலை மெஷின்களைக் கழற்றி வாசலில் வைத்திருந்தார்கள். எனக்கு ரீங்காரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் இரண்டு ஒலிகள் காற்றில் சேர்ந்தால் சத்தம் ஏறி ஏறி இறங்கும். பாடத்தில் அதற்கு விம்மல் என்று பெயர். இரண்டு இசைக்கவைகளைத் தட்டி, ஒன்றில் மெழுகு ஒட்டி, வருஷா வருஷம் பிள்ளைகளைக் கேட்க வைத்திருக்கிறேன். போனில் ஓர் ஒலியை எழுப்பி, அதன் அதிர்வெண்ணை ரீங்காரத்துக்குப் பக்கத்தில் வரும்வரை நகர்த்தினேன். சற்றுக் கூட்டினேன், சற்றுக் குறைத்தேன். விம்மல் வரவே இல்லை. காற்றில் இருந்தது போனின் சத்தம் மட்டும்தான். மற்றது என் காதுக்குள் இருந்தது.

ஐந்து நிமிஷச் சோதனை. நாலு மாதமாக எனக்குத் தோன்றவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பிரிட்டோவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் இங்கேயே இருக்கலாம். சொல்லிவிடுவது என்று படியிறங்கினேன்.

லோடு ஆட்டோவில் மெஷின்களை ஏற்றியிருந்தார்கள். பக்கத்தில் பிரிட்டோ கை கட்டி நின்றான். நான்கைந்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷரபுன்னிசா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தாள்.

"மனசுல வெச்சுக்காதீங்க சார். எங்க காதுக்குத்தான் கேக்கல. படிச்சவங்க நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டோம்," என்றாள்.

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"பரவாயில்லம்மா," என்றேன்.