நடந்து போன பதினெட்டு டன்

எடைக்கருவி மெக்கானிக் நெடுஞ்சாலையை நடந்து கடந்தபோது, ஓரத்திலிருந்த மின்பலகை அவரைப் பதினெட்டு டன் என்று காட்டியது. ‘அதிக பாரம், ஓரமாக நிறுத்தவும்’ என்று சிவப்பு எழுத்தும் ஓடியது. அவரும் ஓரமாக நின்றார். லாரிகளை நிறுத்தாமலே எடைபோடும் அந்தக் கருவியைத் தாருக்கடியில் பதித்தவரே அவர்தான். பொறியாளர்கள் வந்து கருவியை மாற்றினார்கள். புதியதும் அதையே சொன்னது. ஆளோ ஒல்லி, காற்றடித்தால் சட்டை மட்டும்தான் மிஞ்சும். ஆனால் அந்த வாரமே வீட்டுக் கட்டில் முறிந்தது. பேருந்து அவர் ஏறிய பக்கம் சாய, நடத்துனர் கும்பிட்டு இறக்கிவிட்டார்.

காரணம் அவருக்குத் தெரியும். மனைவியின் அண்ணனுக்குச் சொந்தமாக ஜல்லி லாரிகள் உண்டு. “மாப்ள, நம்ம வண்டி வந்தா மட்டும் கொஞ்சம் குறைச்சுக் காட்டட்டுமே. மெஷின் என்ன கோவிச்சுக்கவா போகுது?” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த வண்டிகளின் எண் கேமராவில் பட்டால் பாரம் குறைவாகப் பதிவாகும்படி இவரும் அமைத்துக் கொடுத்தார். அப்படிப் பதினெட்டு டன் கூடுதல் பாரத்தோடு தப்பிய லாரி ஒன்று இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் தையல்கடைக்குள் புகுந்தது. தையல்காரர் செத்துப்போனார். பழி டிரைவர் தலையில் விழுந்தது. அவர் சிறைக்குப் போனார்.

வீட்டுத் தரையும் விரிசல்விட்ட பிறகு மனைவி கேட்டாள்: “மனசுல என்னத்தச் சுமக்கறீங்க?” சொன்னார். “எங்கண்ணன்தான். அதுக்காக வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு சொல்ல மாட்டேன். வீடு தாங்காது” என்றாள்.

முதலில், இப்போது கடையை நடத்திவரும் தையல்காரரின் மனைவியிடம் போனார். எல்லாவற்றையும் கேட்ட அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். “டிரைவர் பொண்டாட்டி இங்க வந்து என் கால்ல விழுந்து அழுதா. நான் கதவைச் சாத்திட்டேன். என்னையும் பாவியாக்கிட்டீங்களே.”

அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போனார். டிரைவர் வெளியே வந்தார். மெக்கானிக்கும் மைத்துனரும் உள்ளே போனார்கள். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. தண்டனை முடிந்து வந்த மெக்கானிக், பட்டன் தைக்கிற வேலையாவது கொடுங்கள் என்று தையல்கடை வாசலில் போய் நின்றார். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. “பெஞ்சு தாங்காது. கல்லு ஒண்ணு போடச் சொல்றேன்” என்றாள்.

இன்றுவரை அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் தைக்கிறார். அது வருஷத்துக்கு ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்குகிறது. மழைக்கு முன்பு டிரைவர் இரண்டு ஆட்களோடு வந்து நெம்பித் தூக்கி, அடியில் மணல் கொட்டிவிட்டுப் போகிறார். அதுவரை மெக்கானிக், ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு, எழுந்து தள்ளி நிற்பார்.