ஸ்டேஷன் பேர் சொல்லும் வரை

பஸ் ஓட்டுகிறவனுக்குத் தூக்கம் வந்தால் ஆபத்து. வராவிட்டால் அதைவிட ஆபத்து. நம் டிரைவருக்கு இரண்டும் சேர்ந்தே வாய்த்திருந்தது. படுக்கையில் புரண்டு புரண்டு விடிய வைப்பார், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கண் சொக்கும். போன வாரம் பிரேக் மிதிக்கக் கொஞ்சம் தாமதமாகி, ஓரமாக நின்ற தக்காளி வண்டியில் முட்டிவிட்டார். நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை. தெருவெல்லாம் தக்காளி.

டிப்போ மேலாளர் வயதில் சின்னவர். திட்டக்கூட மனசு வரவில்லை அவருக்கு. "அண்ணே, லீவு போட்டு நல்லாத் தூங்கிட்டு வாங்க. திங்கக்கிழமை டாக்டர் பார்த்து சரின்னா வண்டி உங்களுது. இல்லேன்னா டிப்போ கேட்டுல காவலுக்கு உக்கார வேண்டியதுதான்" என்றார்.

தூங்கு என்றால் தூக்கம் வந்துவிடுமா? லீவு போட்ட அன்றே இருந்த கொஞ்சநஞ்சமும் ஓடிப்போனது. பால் குடித்துப் பார்த்தார், பாதத்தில் எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். மாத்திரை போட்டால் வண்டியைத் தொடக்கூடாது என்றார்கள். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கையோடு கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவதா? அதை நினைத்தாலே பொட்டுத் தூக்கமும் அண்டாது. இப்படியே ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். பழைய வீட்டை ஒழித்துவிட்டு மகனோடு போய் இருக்கப் போகிறாள். பழந்துணியில் சுற்றிய ஒரு பெட்டியை அவர் மடியில் பொத்தென்று வைத்தாள்.

"இந்தாடா கரகர, உன் சனியன். பரண்ல கெடந்துச்சு."

கரகர என்பது சின்ன வயதில் வீட்டில் அவருக்கு வைத்த பெயர். எந்நேரமும் சிற்றலை ரேடியோவைக் காதில் ஒட்டிக்கொண்டு, அந்தக் கரகரப்புக்குள் எங்கேயோ கடலுக்கு அப்பால் பேசுகிறவனைத் தேடிக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? கேட்டதை எழுதிப் போட்டால் அந்த நிலையத்தார் அழகான பட அட்டை அனுப்புவார்கள். ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார், அவராக வைத்ததுதான். ஸ்டேஷன் தன் பெயரைச் சொல்வதைக் காதால் கேட்க வேண்டும். கேட்காமல் எழுதினால் கள்ள ஆட்டம். அந்தப் பாவிகளோ எல்லாம் பேசி முடித்துக் கடைசியில்தான் பெயரைச் சொல்வார்கள். அதுவரை கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "தூக்கத்தைத் தின்னுற பொட்டிடா இது" என்று அப்பா கத்துவார். பரீட்சையில் கோட்டை விட்ட வருஷம் அப்பாவே அதைப் பரணில் ஏற்றினார். அப்புறம் வேலை, கல்யாணம், மகள், டயர், டீசல். அதற்குப் பிறகு ஆசைப்பட்டு அவர் எதற்கும் கண் விழித்ததில்லை.

மகள் கீழே கடையில் பேட்டரி வாங்கி வந்தாள். டிரைவர் குமிழைத் திருகினார். ர்ர்ர்ரென்று ஒரே இரைச்சல். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடியும் ஒரு மனுஷக் குரல் இல்லை.

"ஏன்க்கா, ஈரத்துல வச்சிருந்தியா?"

"ஆமாடா, தினம் குளிப்பாட்டித் தொட்டில்ல போட்டு ஆட்டுனேன்! கொண்டாந்து கொடுத்தவளுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்று எரிந்து விழுந்துவிட்டு அக்கா கிளம்பிப் போனாள்.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு ரேடியோவுக்கா இந்த வயதில் அழுவது என்று வெட்கமாகவும் இருந்தது. தூக்கமும் இல்லை, நாளைக்கு வண்டியும் இல்லை, மிச்சம் இருந்த இதுவும் செத்துப்போய் வந்திருக்கிறதே என்று மனசு விட்டுப்போனது.

மகள் தன் போனை எடுப்பதற்காகச் சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினாள். இரைச்சல் சட்டென்று ஒரு படி இறங்கியது. மறுபடி செருகினாள், ஏறியது. அவள் குதித்தாள்.

"அப்பா, ரேடியோ நல்லாத்தான் இருக்கு. நம்ம வீடுதான் அதைப் பேச விடமாட்டேங்குது!"

அவ்வளவுதான், ஆரம்பித்தது கூத்து. டிவியைப் பிடுங்கினார்கள். இன்டர்நெட் பெட்டியை அணைத்தார்கள். புதிதாக மாட்டிய பல்புதான் எல்லாவற்றிலும் பெரிய வாயாடி, அதையும் அணைத்தார்கள். மகள் மெயின் சுவிட்சில் கை வைத்தபோது மனைவி ஓடி வந்தாள்.

"ஏய், ஃபிரிட்ஜு! பால் கெட்டுடும்டி!"

"அரை மணி நேரம்தாம்மா."

பால்கனிக் கொடிக்கம்பியிலிருந்து ஈரத்துணியை எல்லாம் அவரே இறக்கினார். அந்தக் காலத்திலும் கொடிக்கம்பிதான் அவருக்கு ஏரியல். அம்மா புடவை காயப்போட்டால் பாதி உலகம் காணாமல் போகும். ரேடியோவிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கம்பியில் கட்டினார். அந்தி மங்கிக்கொண்டிருந்தது. குமிழை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார்.

ஒரு பெண் பேசினாள். என்ன மொழியோ, எந்த ஊரோ, அலைமேல் வருவதுபோல் ஏறியும் இறங்கியும் அந்தக் குரல் வந்தது.

"கேட்டியா? கேட்டியா?" டிரைவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "செத்தப் பொறு, கடைசியில பேர் சொல்லுவா. அதைக் கேட்டாத்தான் கணக்கு. ஒரு தடவை இப்படித்தான், நான் மொட்டை மாடியில..."

மொட்டை மாடியில் என்ன நடந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பேச்சு பாதியில் நின்றது. தலை நாற்காலியில் சாய்ந்து, வாய் திறந்து, கொர்ரென்று ஒரு குறட்டை வந்தது. மெயின் சுவிட்சைப் போடப் போன மகளின் கையை மனைவி தட்டிவிட்டாள்.

"தொட்டே, தொலைச்சுடுவேன்."

அவர் கண் விழித்தபோது முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. கழுத்து பிடித்திருந்தது. உடம்போ கழுவிவிட்ட வண்டி மாதிரி இருந்தது. மடியில் ரேடியோ பேட்டரி தீர்ந்து கிடந்தது. மெயின் சுவிட்சுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டுக் காவல்காரி மாதிரி மனைவி உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் கோவைப்பழம்.

"இன்னும் ஏன் சுவிட்சைப் போடல?"

"போட்டா அந்த ர்ர்ர் வந்து உங்களை எழுப்பிடும். ரேடியோவை அணைச்சாலும் முழிச்சுக்குவீங்களோன்னு பயம். பால் திரிஞ்சு போச்சு. ஃபிரிட்ஜுல வச்சதெல்லாம் நாறுது. எல்லாம் உங்களாலதான்."

"நீ தூங்கவே இல்லையா?"

"நீங்கதானே கேக்கணும்னு சொன்னீங்க? அந்த ரேடியோக்காரி கடைசியில பேரைச் சொன்னா, மணி எல்லாம் அடிச்சு. ஒரு எழவும் புரியல எனக்கு. விடாம கேட்டேன், காலையில உங்களுக்குச் சொல்லணுமேன்னு. எல்லாம் மறந்து போச்சு."

டிரைவர் எழுந்து வந்து அவளைக் கைத்தாங்கலாகப் படுக்கைக்குக் கூட்டிப்போனார்.

"பேரு கெடக்குது, விடு. நீ தூங்கு" என்றார்.

பாலில்லாத காப்பியைத் தானே போட்டுக் குடித்தார். சத்தம் வராமல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பினார். மெயின் சுவிட்சைத் தொடவில்லை.